காற்றாடிப் பூவுக்குப் பெயர் கேட்கப் போனது

ஆடி பிறந்துவிட்டால் நாகர்கோவிலில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவனுக்கு ஈ ஓட்டுவதுதான் வேலை. கல்யாணம் கிடையாது, பால்காய்ச்சு கிடையாது, பெண் பார்க்கப் படம் எடுப்பவர்கள்கூட ஆவணிக்குத்தான் வருவார்கள். அந்த ஒரு மாதத்தை நம்பி நான் கல்கத்தாவுக்குக் கிளம்பினேன். எழுபதுகளின் நடுவில், கொட்டுகிற மழையில், ஒரு பூவுக்குப் பெயர் கேட்டு வருவதற்காக. தெருவில் கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். கீரிப்பாறைக்கு மேலே காட்டுக்குள் ஓர் ஓடை. ஓய்வு கிடைத்தால் நான் போய் உட்காருகிற இடம். வாரம் முழுக்க மனிதர்களைச் சிரிக்கச் சொல்லிச் சொல்லி எடுத்த அலுப்புக்கு, சிரிக்கச் சொல்ல வேண்டியிராத முகங்கள் அங்கே இருந்தன. பத்து வருஷமாக அந்தப் பூக்களைப் படம் எடுத்தேன். பறிக்க மாட்டேன், எடுப்பதோடு சரி. பெயர் தெரியாததால் நானே வைத்துக்கொண்டேன். எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற ஒன்று மணப்பெண். நேராக வெறித்துப் பார்க்கிற ஒன்று பாஸ்போர்ட். ஐந்து வெள்ளை இதழும் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ஓலைக் காற்றாடி மாதிரி இருந்த ஒன்றுக்குக் காற்றாடி. அந்தச் செடி ஓடைக்கரையில் ஒன்றே ஒன்றுதான் நின்றது.

அந்த மலைச்சரிவு முழுவதையும் வெட்டி ரப்பர் வைக்கப்போவதாகப் பேச்சு வந்தது. பேச்சு வந்த மறு மாதமே மரங்களில் வெள்ளைப் பெயின்டில் நம்பர் விழுந்தது. ரேஞ்சர் எனக்குப் பழக்கமானவர். அவருடைய மகள் கல்யாணத்துக்கு நான்தான் படம் எடுத்தேன்.

"ஓய் செல்லப்பன், எனக்கு எல்லாம் ஒரே பூதான்" என்றார். "இது லேசுப்பட்ட பூ இல்லன்னு கல்கத்தாவுல இருந்து ஒரு கடுதாசி கொண்டாரும். அந்த ஓடைக்கரைத் துண்டை மட்டும் விட்டுருதேன். தை பொறந்தா நான் சொல்லியும் பிரயோஜனம் இல்ல."

கல்கத்தாவை அவராகச் சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கல்லூரித் தாவரவியல் வாத்தியார் ஒருவர் என் காற்றாடி ஸ்லைடை, அட்டையில் ஒட்டிய பிலிம் துண்டை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "காட்டு நந்தியாவட்டை மாதிரி இருக்கு. ஆனா என்னமோ சரியில்ல. என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல. கல்கத்தாவுல பழைய செடி எல்லாம் ஒட்டி வச்சிருக்காங்க, அங்கதான் கேக்கணும்" என்றார். நான் அதை ரேஞ்சரிடம் சொல்ல, அவர் அதையே பிடித்துக்கொண்டார்.

என் தங்கை மங்களம் கல்கத்தாவிலேயே பெஹாலா என்ற பகுதியில் இருந்தாள். மாப்பிள்ளை ஆறுமுகம் கப்பல் சாமான்களுக்குக் காகிதம் எழுதும் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் வீட்டு வாசலில் கணுக்கால் தண்ணீர் நின்றது. மங்களம் வேட்டி நனையாமல் என்னை உள்ளே கூட்டிப் போகப் பலகை ஒன்று போட்டிருந்தாள். பலகை என் எடைக்கு நகர்ந்து, நான் பெட்டியோடு தண்ணீரில் உட்கார்ந்தேன். ஸ்லைடுகள் இருந்த தகர டப்பாவை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் வங்காளியில் ஏதோ கேட்க, தங்கை வங்காளியிலேயே பதில் சொல்ல, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்ன சொன்னாய் என்று கேட்டால், "ஒண்ணுமில்லண்ணே, ஊருல இருந்து பிள்ளையார் வந்திருக்காருன்னேன்" என்கிறாள்.

வாத்தியார் சொன்ன செடி ஆபீஸ் அலிப்பூரில், மறுநாள் அங்கே போக வேண்டும். மாப்பிள்ளை பஸ் நம்பரைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். பஸ்ஸுக்கு முன்னால் நம்பர் வங்காளி எழுத்தில் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் கண்டக்டரிடம் கேட்டால் இடம் வந்ததும் தோளைத் தட்டுவார். இங்கே கண்டக்டர் பஸ்ஸைத்தான் தட்டினார். ஓயாமல் பக்கவாட்டுத் தகரத்தில் அறைந்துகொண்டே வந்தார். நான் அலிப்பூர் அலிப்பூர் என்று நாலு தரம் கேட்க, அவரும் நாலு தரம் தலையாட்டினார். கடைசியில் பஸ் கிடர்பூரில் போய் நின்றது. முன்னால் ரோட்டையே காணோம். கப்பல் போவதற்காகப் பாலத்தைத் திறந்துவிட்டார்கள்.

லாரிகள், கைவண்டிகள், டிராம், எல்லாம் வரிசையாக நின்றன. வண்டி இழுப்பவர்கள் வண்டிக்கு அடியிலேயே உட்கார்ந்து பொரியில் கடுகெண்ணெய் ஊற்றிப் பச்சை மிளகாயோடு தின்றார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறி எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்துச் சீட்டுப் பெரியவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, அண்ணன் என்பதை மட்டும் வங்காளியில் வைத்து, மீதியை இங்கிலீஷில் சொன்னார்: "கவலைப்படாதே தாதா. கப்பலும் எங்கேயோ தாமதமாகத்தான் போகிறது."

அலிப்பூர் ஆபீஸைக் கண்டுபிடித்தபோது மணி இரண்டு. நீளமான பழைய கட்டடம், உள்ளே அந்துருண்டை நாற்றம். அலமாரி அலமாரியாகக் காய்ந்த செடிகள், ஒவ்வொன்றும் தடித்த தாளில் நூல் வைத்துத் தைத்து. நான் டப்பாவைத் திறந்து ஸ்லைடை எடுத்ததும் முன்னால் இருந்த குமாஸ்தா கையை நீட்டினார். "ஷீட் எங்கே?"

"ஷீட் இல்லை. படம் இருக்கிறது."

"படத்துக்கு நாங்கள் பெயர் சொல்வதில்லை. ஒரே செடியின் பூவும் வேண்டும், முதிர்ந்த காயும் வேண்டும். அழுத்திக் காயவைத்துக் கொண்டு வாருங்கள்."

"பறித்தால் செத்துப்போகுமே ஐயா!"

"செத்தால்தான் பெயர் சொல்ல முடியும்" என்றார். கிண்டலே இல்லை, ஆபீஸ் விதியைச் சொல்லுகிற குரல்தான். பூ சித்திரையில் வந்துபோய்விட்டது, காய் இனி எப்போதோ, தை பிறந்தால் செடியே இருக்காது என்று என்னுடைய அரைகுறை இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன். "அவசரப்பட்டால் தப்பான பெயர் வந்துவிடும். இங்கே நாற்பது வருஷமாகக் காய்க்குக் காத்திருக்கிற ஷீட் இருக்கிறது" என்றார் அவர். எனக்கு வந்த ஆத்திரத்தில் தமிழில் நாலு வார்த்தை திட்டினேன். அவர் மரியாதையாக நன்றி சொன்னார்.

அடுத்த நாளும் போனேன். வேறு என்ன செய்ய? நடையில் பெஞ்சில் உட்கார்ந்து, ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிபன் டப்பாவோடு போன ஒரு மெலிந்த மனிதர் நின்றார். குடைக்கம்பி மாதிரி உடம்பு, தடித்த கண்ணாடி. அவர்தான் தத்தா பாபு. அந்த ஆபீஸில் செடிகளைச் சரிபார்ப்பவர், மறு வருஷம் ஓய்வு பெறப்போகிறவர். "என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஸ்லைடை வாங்கிக்கொண்டார். டிபன் டப்பா என் மடிக்கு வந்தது.

லென்ஸை வைத்து அவர் எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. மடியில் பூரியும் உருளைக்கிழங்கும் ஆறிக்கொண்டிருந்தது மட்டும் தெரியும். பிறகு உள்ளே ஓடி ஒரு ஷீட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார்.

"நந்தியாவட்டைச் சாதி எல்லாவற்றிலும் இதழ் ஒரே பக்கமாகத்தான் சுற்றும். அரளிக்கு அதற்கு எதிர்ப்பக்கம். உங்கள் பூ இலையில் நந்தியாவட்டை, இதழ் சுற்றுவதில் அரளி. இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதுவோ பெரிது என்று மட்டும் விளங்கியது.

மற்ற ஸ்லைடுகளையும் வரிசையாகப் பார்த்தார். மணப்பெண் காசித்தும்பைக் குடும்பமாம். பாஸ்போர்ட், தரையில் முளைக்கிற ஆர்க்கிட். ஒவ்வொன்றுக்கும் லத்தீனில் இரண்டு வார்த்தை சொன்னார், நான் தமிழில் எழுதிக்கொண்டேன். பத்து வருஷம் முகம் மட்டும் தெரிந்த ஆட்களுக்கு ஒரே மத்தியானத்தில் பெயர் கிடைத்துவிட்டது. எல்லாம் சாதாரணம், எல்லாம் ஏற்கெனவே பெயர் உள்ளவை. காற்றாடி ஒன்றுதான் தனி.

"முப்பது வருஷமாக இங்கே மற்றவர்கள் வைத்த பெயரைத் திருத்தி ஒட்டுகிறேன்" என்றார். "நானாக ஒன்றுக்கும் வைத்ததில்லை." நான் ரப்பர் விஷயத்தைச் சொன்னேன். மேஜையைத் தட்டினார். "கடிதம்தானே? நாளைக்கு எழுதிவைக்கிறேன். மறுநாள் டைப் அடித்து, முத்திரை போட்டுக் கையில் தருகிறேன்."

அன்று பெஹாலாவுக்குத் திரும்பும் வழியெல்லாம் பூ பார்த்தேன். நந்தியாவட்டையை இங்கே டகர் என்கிறார்கள். வீட்டுக்கு வீடு நிற்கிறது, காலையில் பூஜைக்குப் பறித்துவிடுகிறார்கள். ஒரு வீட்டு வேலியில் ஒற்றை அடுக்குப் பூவைக் கண்டு, ஸ்லைடைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். ஆமாம், எதிர்ப்பக்கம்தான்! அந்த வீட்டுக்காரர் வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. அவருக்கு அப்படி இல்லை என்பது முகத்தில் தெரிந்ததால் நடையைக் கட்டினேன்.

மூன்றாம் நாள் தத்தா பாபு மண் சட்டியில் சந்தேஷ் வாங்கி வைத்திருந்தார். நம்மூர்ப் பால்கோவாவில் இனிப்பைக் குறைத்து, கொஞ்சம் புளிப்பைக் காட்டியது போல ஒரு பண்டம். "ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம் மட்டும் சொன்னேன்" என்றார். எழுதிவைத்த கடிதத்தைக் காட்டினார். இதுவரை யாரும் பதிவு செய்யாத செடி, அந்த இடத்தைக் காப்பது அவசியம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அன்று ராத்திரி மாப்பிள்ளை வாங்கிவந்த ஜாங்கிரியில் நானே ஆறு தின்றேன்.

நாலாம் நாள் காலையில் மழை விட்டிருந்தது. மங்களம் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஸ்லைடு பார்க்கும் சின்ன பிளாஸ்டிக் பெட்டி ஒன்று என்னிடம் உண்டு. "நீ இன்னும் பாக்கவே இல்லியே, இந்தா, பாரு" என்று காற்றாடியைச் செருகி, பெருமையாக அவள் கையில் கொடுத்தேன். வானத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

"பூ நல்லாருக்குண்ணே. பின்னால மரத்துல ஏன் நம்பரைத் திருப்பி எழுதியிருக்கான்?"

"எந்த மரம்?"

"மூலையில. அறுபத்து மூணு. கண்ணாடியில பாக்குத மாதிரில்லா நிக்குது."

பெட்டியைப் பிடுங்கிப் பார்த்தேன். மூலையில், மங்கலாக, வெள்ளைப் பெயின்டில் அறுபத்து மூன்று. இடம் வலம் மாறி நின்றது. நான் பார்த்த அத்தனை தடவையும் பூவைத்தான் பார்த்தேன். தத்தா பாபுவும் பூவைத்தான் பார்த்தார். என் தங்கை ஒருத்திதான் மரத்தைப் பார்த்தாள்.

சுருளாக வந்த பிலிமைத் துண்டு துண்டாக வெட்டி அட்டையில் ஒட்டினவன் நான். பளபளப்பான பக்கம் எது, மங்கின பக்கம் எது என்று பார்த்து ஒட்ட வேண்டும். வைகாசி முகூர்த்தக் கூட்டத்தில், ஆல்பங்களுக்கு நடுவே, அவசரமாக ஒட்டினேன். இந்த ஒன்றைத் திருப்பி ஒட்டிவிட்டு, திருப்பின பக்கத்திலேயே என் அழகான கையெழுத்தில் காற்றாடி என்று எழுதியும் வைத்தேன். எழுத்து இருக்கிற பக்கம்தான் முகம் என்று வாத்தியார் நம்பினார், தத்தா பாபு நம்பினார், எழுதின நானே நம்பினேன். நிஜப் பூவை நேரில் பார்த்தவனுக்கு எந்தப் பக்கம் சுற்றியது என்று தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. எங்கள் ஸ்டூடியோப் பெரிய கேமராவின் கண்ணாடியில் கல்யாணப் பெண்ணே தலைகீழாக, இடம் வலம் மாறித்தான் தெரிவாள். இடம் வலம் பார்க்கிற பழக்கம் எனக்குப் போயே போய்விட்டது. பெட்டிக்குள் அட்டையைத் திருப்பிச் செருகினேன். நம்பர் நேராக வந்தது. பூ சாதாரண நந்தியாவட்டையாகிவிட்டது.

மாப்பிள்ளை சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டே கேட்டார். "அத்தான், இப்ப என்ன ஆயிப்போச்சு? கடுதாசி ரெடியா இருக்குல்லா? பேசாம வாங்கிட்டு ரயில் ஏறுங்க. எங்க ஆபீசுல காகிதந்தான் பேசும். பெட்டியை யாரு திறந்து பாக்கா?"

"அந்த மனுசன் அண்ணனை நம்பி எழுதியிருக்காரு" என்றாள் மங்களம்.

"ஓடைக்கரை வேண்டாமா உங்க அண்ணனுக்கு?"

"அதுக்காவ?"

அவர்கள் இரண்டு பேரும் எனக்காகச் சண்டை போட, நான் பஸ் ஏறினேன். எந்த நம்பர் என்று பார்க்கவில்லை, ஆனால் அன்றைக்கென்று பஸ் நேரே அலிப்பூர் போய்ச் சேர்ந்தது. இறங்கி எதிர்ப்பக்கம் நடந்து, திரும்பி, மறுபடி தப்பாகத் திரும்பினேன். வாங்கிக்கொண்டு போய்விடலாமா? ஓடை தப்பிக்கும். நாளைக்கு நிஜப் பூவை யாராவது பார்த்தால் தத்தா பாபு மானம் போகும். சொல்லிவிடலாமா? தத்தா பாபு தப்பிப்பார், ஓடை போகும். அந்த ஓடை போனால் நான் போய் உட்காரப் பூமியில் வேறு இடம் இல்லை. இடது கை எது வலது கை எது என்பதே எனக்குக் குழம்பிவிட்டது.

தத்தா பாபு கடிதத்தை டைப் அடித்து, உறைக்குள் போட்டு, ஒட்டாமல் வைத்திருந்தார். உறையை நீட்டினார். நான் வாங்கவில்லை. ஸ்லைடை எடுத்து மேஜையில் வைத்து, மூலையைக் காட்டினேன். அழுகை வந்துவிட்டது. ஐம்பதை நெருங்குகிற ஆம்பிளை, ஆபீஸ் நடுவே நின்று மூக்கை உறிஞ்சினேன்.

அவர் லென்ஸை வைத்து மூலையைப் பார்த்தார். அட்டையைத் திருப்பினார், பார்த்தார். மறுபடி திருப்பினார். பேனாவை மூடினார். ரொம்ப நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரண்ட் போய் விசிறி நின்றது, அப்போதும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலை நெடுகக் கிடைக்கிற செடி" என்றார் கடைசியில். "நான் முதலில் அட்டையைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு ஆசை வந்துவிட்டது, செல்லப்பா பாபு." உறையிலிருந்து கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

நான் கும்பிட்டுவிட்டு எழுந்தேன். "உட்காருங்கள்" என்றார். "உங்கள் ஓடைக்கரைச் செடியின் காயைப் பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை."

"நானும் பார்க்கவில்லை. அப்படியானால் முதல் நாள் எங்கள் குமாஸ்தா சொன்னதுதான் சரி. காய் இல்லாமல் இந்த ஆபீஸ் பெயர் சொல்லாது." புதுத் தாளை எடுத்தார். எழுத எழுத வாய்விட்டுப் படித்தார். மேற்படி ஓடைக்கரைச் செடியின் அடையாளம் இன்னும் முடிவு செய்யப்படவில்லை. அதே செடியிலிருந்து பூவும் முதிர்ந்த காயும் இந்த ஆபீஸுக்கு வந்துசேர்ந்து, சரிபார்த்துப் பதில் அனுப்பும்வரை அந்த இடத்தைக் கலைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது.

"ஒரு வார்த்தை பொய் இருக்கிறதா, சொல்லுங்கள்?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. "இல்லை" என்றேன். குமாஸ்தாவே வந்து முத்திரை போட்டார். என்னைத் தெரிந்த மாதிரிச் சிரித்தார். நான் தமிழில் திட்டினது ஞாபகம் வந்து கூசிப்போனேன்.

கிளம்பும்போது தத்தா பாபு ஸ்லைடைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "இதை நான் வைத்துக்கொள்ளலாமா? இப்படித் திரும்பியபடியே இருக்கட்டும். இரண்டு நாள் என்னிடம் ஒரு புதுப் பூ இருந்தது." கொடுத்துவிட்டு வந்தேன்.

ரேஞ்சர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். "பூ உசத்தியா இல்லியா, அத ஒருத்தனும் சொல்லலியே" என்றார். "இன்னும் முடிவாகல சார்" என்றேன். கல்கத்தா முத்திரை விழுந்த காகிதத்தைத் தூக்கிப் போட அவருக்குத் தைரியம் இல்லை. பைலில் வைத்தார். அவர் மாற்றலாகிப் போனார், அடுத்தவர் வந்தார், அவரும் போனார். சரிவு முழுக்க இப்போது ரப்பர் நிற்கிறது, ஓடைக்கரைத் துண்டு மட்டும் காடாகவே கிடக்கிறது. அறுபத்து மூன்றாம் நம்பர் மரத்தில் பெயின்ட் உரிந்துவிட்டது.

பதினோரு வருஷம் ஆகிறது. தத்தா பாபு ஓய்வு பெற்றுவிட்டார். அந்த நாற்காலியில் இப்போது யாரோ ஓர் இளைஞர், முகம் தெரியாது. வருஷா வருஷம் அந்தச் செடியின் பூவும் காயும் வைத்து நான் அனுப்புகிற பார்சலுக்கு ஒரே பதில்தான் வருகிறது: காய் முதிரவில்லை, மறுபடியும் அனுப்பவும். பூவைப் பறிக்காதவன் என்று பெயர் வாங்கினவன் நான். இந்த வருஷமும் ஓடைக்கரைக்குப் போய், பச்சையாக இருக்கும்போதே ஒரு காயைப் பறித்து அனுப்பிவிட்டேன்.